புதுப்பிப்பு: 1973 போர்ஷே 911எஸ் காரின் ஃபுக்ஸ் சக்கரங்கள் அசலா, நகலா?

என் காரில் இருக்கும் ஃபுக்ஸ் சக்கரங்கள் (ஜெர்மனியின் ஃபுக்ஸ் நிறுவனம் போர்ஷேவுக்குச் செய்த அலுமினியச் சக்கரங்கள்) அசலா என்று கேட்டிருந்தேன். உதவியவர்களுக்கு நன்றி, விடை கிடைத்துவிட்டது. டயரைக் கழற்றாமல் சக்கரத்தின் பின்பக்கத்தைப் பார்க்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. பிரேக் தூசியை மண்ணெண்ணெயும் நைலான் பிரஷும் வைத்துத் துடைத்ததும் 911.361.020 என்று தொடங்கும் பாக எண், 6ஜே×15 என்ற அளவு (6 அங்குல அகலம், 15 அங்குல விட்டம்), மாதமும் ஆண்டும் கொண்ட முத்திரை எல்லாம் தெரிந்தன. கம்பி பிரஷ் வேண்டாம், அனோடைஸ் பூச்சு (அலுமினியத்தின் மேலுள்ள பாதுகாப்புப் படலம்) போய்விடும்.

மூன்று சக்கரங்களின் தேதி கார் தயாரான மாதத்துக்குச் சற்று முந்தையது. அப்படித்தான் இருக்க வேண்டும். எதிர்பாராதது நான்காவது: அதுவும் அசல் ஃபுக்ஸ்தான், ஆனால் 7ஜே, தேதி 1976. 911எஸ்-க்கு நான்கும் 6 அங்குலம். பின்னால் 7 அங்குலத்தோடு வந்தது 911-இன் இன்னொரு மாடலான கரேரா ஆர்எஸ்.

எடை போட்டுப் பார்க்கும் யோசனையும் சரியே. அசல் ஃபோர்ஜிங் (உலோகத்தை அழுத்தி உருவாக்கியது), அதனால் லேசானது; உருக்கி ஊற்றிய வார்ப்பு நகல் கனக்கும். ஒப்பிட அதே அகலத்தில் அசல் ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.