புதுப்பிப்பு: பாம்பன் காணொளிகளுக்கான பவர் ஜூம் லென்ஸ்

பாம்பனிலும் தனுஷ்கோடியிலும் காணொளி எடுக்க, சோனி ஏபிஎஸ்-சி (முழு ஃபிரேமைவிடச் சிறிய சென்சார் கொண்ட) கேமராவுடன் வந்த 16-50 மி.மீ. பவர் ஜூம் (மோட்டாரால் இயங்கும் ஜூம்) லென்ஸ் போதுமா, அதே வகையான 18-105 மி.மீ. எஃப்/4 ஜி லென்ஸை வாங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டாவதை வாங்கி, கச்சான் எனும் மேல்காற்று வீசும் நாட்களிலும் பயன்படுத்திவிட்டேன்.

16-50 லென்ஸ் கேமராவை இயக்கியதும் குழலை வெளியே நீட்டி, அணைத்ததும் உள்ளிழுத்துக்கொள்வதால், தனுஷ்கோடியின் கோடியான அரிச்சல்முனையில் பொடிமணல் பறக்கும்போது அது எனக்கு ஓயாத கவலையாக இருந்தது. 2013-இல் வெளிவந்த 18-105-இல் ஜூம் உள்ளேயே நிகழ்கிறது, நீளம் மாறுவதில்லை. ஒளி நுழையும் எஃப்/4 துளையும் எல்லாக் குவிய நீளத்திலும் நிலையாக இருப்பதால், 2025-இல் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்தின் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி மேலே எழும்போது லென்ஸின் ஜூம் நெம்புகோலை மெல்லத் தள்ளி நெருங்கினாலும் காட்சியின் வெளிச்சம் இடையில் குறைவதில்லை. கையால் வளையத்தைத் திருப்பி இவ்வளவு சீரான நகர்வைப் பெறுவது மிகக் கடினம். எடை 427 கிராம். ஆகவே கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பலைப் புதிதாகச் சமன்செய்ய வேண்டும்.

எந்த ஃபில்டர் பொருந்தும் என்று கேட்டவருக்கு: 18-105-க்கான ஃபில்டர் அளவு 72 மி.மீ., 16-50-க்கு 40.5 மி.மீ. நண்பகல் மணற்பரப்பில் ஷட்டரை 1/50 நொடியில் வைத்திருக்க, வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் கட்டாயம் தேவை. திருப்பி அடர்த்தியை மாற்றும் வகை என்டி வாங்கினால், வெயிலை மறைக்கும் லென்ஸ் ஹூடைக் கழற்றாமல் அதைத் திருப்புவது சிரமம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். இக்கடற்கரையின் வெயிலில் ஹூடை இழக்க நான் விரும்பவில்லை, ஆகவே நிலையான என்டியையே பரிந்துரைக்கிறேன்.