ஈஎன்19 ஷாஃப்ட்டில் கார்பைடு டிப் கொட்டுது, காரணம் என்ன?

ஜேக்கப்ஸ்_பட்டறை:
டர்பன் பக்கம் லேத் வேலை பார்க்கிறவங்க சொல்லுங்க. கரும்பு ஆலை பம்ப் ஷாஃப்ட், 60 மி.மீ, ஈஎன்19 (குரோம்-மாலிப்டினம் கலந்த கெட்டி ஸ்டீல்). பேரிங் உட்கார்ற இடத்தில் வெல்டு ஏத்தியிருக்கு, அதுக்குள்ளேயே கீவேயும் (சாவிக்கட்டை உட்கார்ற நீளப் பள்ளம்) வருது. மோட்டார் 3 கிலோவாட், பழைய மெஷின். வெட்டுற கார்பைடு முனைத்துண்டு, அதாவது டிப், சிஎன்எம்ஜி 120408. 350 ஆர்பிஎம், வெட்டு ஆழம் 0.5 மி.மீ, ஃபீட் ஒரு சுத்துக்கு 0.08 மி.மீ. கூலன்ட் பாட்டிலில் அப்பப்போ ஊத்துறோம். முனை பொடிப்பொடியா கொட்டுது, வெட்டி வர்ற உலோகச் சுருள் நீளமா வந்து சக்கில் சுத்துது. டிப் மட்டமான சரக்கா?

கடைசல்_கை:
டிப்பைக் குறை சொல்லாதீங்க. கார்பைடுக்கு ரொம்ப மெதுவா ஓட்டுறீங்க. 60 மி.மீக்கு 350 ஆர்பிஎம்னா நிமிஷத்துக்கு 66 மீட்டர். அந்த வேகத்தில் உலோகம் முனையில் ஒட்டிக்கிட்டு, பிய்யும்போது கார்பைடையும் கூடவே பிய்ச்சுக்கிட்டுப் போகும். வெல்டு இல்லாத சுத்தமான ஈஎன்19ல் 150 மீட்டர், அதாவது 800 ஆர்பிஎம் கொடுங்க. வெட்டு 1.5, ஃபீட் 0.25. இதுக்கே 1.9 கிலோவாட் கிட்ட இழுக்கும். 2 மி.மீ வெட்டினா 2.5 ஆகும், உங்க மெஷின் முனகும்.

0.08 ஃபீடில் சுருள் உடையவே உடையாது. ஃபீட் ரொம்பக் குறைஞ்சா டிப்பில் சுருளை உடைக்க இருக்கிற பள்ளத்துக்கு வேலையே இல்லை. கடைசியில் இருக்கிற 08ங்கிறது 0.8 மி.மீ முனை ஆரம். வெட்டு ஆழம் அதில் மூணில் ரெண்டு பங்குக்கும் குறைஞ்சா சரியா வெட்டாம தேய்க்க ஆரம்பிக்கும். சுருளைக் கையால இழுக்காதீங்க, கொக்கி வச்சுக்குங்க.

பாட்டில் கூலன்ட்டை இன்னைக்கே நிறுத்துங்க. சூடான முனையில் விட்டு விட்டு ஊத்தினா சீப்புப் பல் மாதிரி வெடிப்பு விழும். ஊத்தினா நிக்காம ஊத்தணும், இல்லைன்னா கூலன்ட்டே இல்லாம ஓட்டணும்.

ஜேக்கப்ஸ்_பட்டறை:
சரிண்ணே. வெல்டும் கீவேயும் இருக்கிற இடத்துக்கும் இதே கணக்குதானா?

மில்_ஃபிட்டர்:
இல்லை. அங்க வேகத்தை 90 மீட்டர், 480 ஆர்பிஎம் சுமாருக்கு இறக்குங்க. கீவே ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு அடி கொடுக்கும். கார்பைடு அமுக்கத்தைத் தாங்கும், அடியைத் தாங்காது. பி10, பி15 கிரேடு கெட்டியானது, சுலபமா உடையும், அதுக்குச் சரிப்படாது; அடி தாங்கற பி30 இல்ல பி35 கேளுங்க. வெல்டு தோலை முதல் வெட்டிலேயே அடியோட எடுக்கணும். மேடு பள்ளமா இருக்கிற தோல் மேல முனை உரசிக்கிட்டே போனா ஒரு ஓட்டத்திலேயே போயிடும். இந்த இடத்தில் கூலன்ட்டே வேண்டாம்.

இன்னொண்ணு, டிப்புக்கு அடியில் தாங்கலா இருக்கிற ஷிம் தகட்டைக் கழட்டிப் பாருங்க. பழைய டிப் உடைஞ்சப்போ அதிலயும் ஒரு மூலை போயிருக்கும். அதை மாத்தாம புது டிப் போட்டா அதுவும் கொட்டும். 25 மி.மீ ஹோல்டர் 35 மி.மீக்கு மேல வெளியே நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது.

பீனிக்ஸ்_டர்னர்:
கரண்ட் போனா என்ன பண்றதுன்னு யாரும் சொல்லலையே. லோட் ஷெட்டிங் (முறை வச்சுக் கரண்ட் நிறுத்துறது) முன்ன மாதிரி இல்லைன்னாலும் ஃபால்ட் வந்து நிக்கிறது உண்டு. வெட்டிக்கிட்டு இருக்கும்போது ஸ்பிண்டில் நின்னா முனை சுருளுக்கு அடியில் மாட்டிக்கும். டூலை நேரா பின்னால இழுத்தா முனை அங்கேயே தங்கிடும். முதல்ல மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணுங்க. ஃபீட் லீவரை எடுத்துட்டு, கியரை நியூட்ரலில் போட்டு, சக்கைக் கையால முன்பக்கமாவே சுத்திக்கிட்டு மெல்ல வெளியே எடுங்க. பழைய மெஷினில் கரண்ட் வந்ததும் தானா ஓடுற மாதிரி ஸ்விட்ச் இருந்தா, கரண்ட் போனா தானா விடுபட்டு, திரும்ப ஸ்டார்ட் அமுக்கினாதான் ஓடுற கான்டாக்டர் ஸ்டார்ட்டர் போட்ட பிறகுதான் வேலை.

கடைசல்_கை:
நல்லதா ஞாபகப்படுத்தினீங்க. தம்பி, பேரிங் அளவுக்குக் கடைசி வெட்டு இந்த டிப்பில் வேண்டாம். முனை ஆரம் 0.4 மி.மீ உள்ள டிசிஎம்டி டிப் போட்டு, 0.3 வெட்டு, 0.1 ஃபீட். அதுக்கு முந்தின வெட்டும் அதே 0.3 ஆகவே இருக்கட்டும். ரெண்டு தடவையும் ஷாஃப்ட் ஒரே அளவு வளையும், அதனால மைக்ரோமீட்டர் காட்டுறதை நம்பலாம்.