மைஸுக்கு (லேப் சுண்டெலிக்கு) மருந்து போட்டவங்க, உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

எம்.பார்ம்ல என்னோடது ஃபார்மலின் டெஸ்ட், அதாவது வலி மருந்து வேலை செய்யுதான்னு எலில பாக்கறது. பின்னங்கால் பாதத்துல 20 மைக்ரோலிட்டர் ஃபார்மலின் போட்டா எலி அந்தக் காலை நக்க ஆரம்பிக்கும், முதல் அஞ்சு பத்து நிமிஷம் நக்கிட்டு அடங்கிடும், கால் மணி நேரம் போனா திரும்ப ஆரம்பிக்கும், நக்கற நேரத்த ஸ்டாப்வாட்ச்ல புடிக்கணும். மார்ஃபின் ரெண்டு கட்டத்தையும் அடக்கும், இண்டோமெத்தசின் மாதிரி வீக்கத்தைக் குறைக்கற வலி மருந்துக்கு பெரும்பாலும் ரெண்டாவதுலதான் வேலை.

ஆனா பாடுபடுத்தினது டெஸ்ட் இல்லீங்க, மருந்து கலக்கறதுதான். நரம்பு வலிக்குக் குடுக்கற கபாபென்டின் சலைன்ல சமத்தா கரையும். செலிகாக்சிப்ங்கற வலி மருந்து கரையவே கரையாது, 0.5 சதவீத சிஎம்சில (தண்ணிய கெட்டியாக்கற பசை மாதிரி) நல்லா அரைச்சு, கரையாம மிதக்கற சஸ்பென்ஷனாதான் குடுக்கணும், ஒவ்வொரு எலிக்கும் சிரிஞ்ச்ல எடுக்கறதுக்கு முன்னாடி குலுக்கலன்னா மருந்தெல்லாம் அடியில தங்கி ஆளுக்கொரு டோஸ் போகும். டிஎம்எஸ்ஓங்கற கரைப்பான்ல போடுன்னு ஈசியா சொல்லுவாங்க, அதுவே வலிய கொஞ்சம் குறைக்கும், அதனால மருந்தில்லாம அதை மட்டும் போட்ட க்ரூப் ஒண்ணு கண்டிப்பா வேணும்.

கணக்கு சிம்பிள், கிலோவுக்கு 10 மில்லி, 25 கிராம் எலின்னா 0.25 மில்லி. எடைய அன்னிக்கு காலைல பாருங்க. வயித்துல போடறப்ப தலைய கீழ சாய்ச்சு வலது பக்கம் கீழ குத்தணும், இடது பக்கம் குடல்ல இறங்க வாய்ப்பு ஜாஸ்தி.

இன்னொண்ணு, பயந்த எலி வலிய காட்டாது. 2014ல கனடாவோட மெக்கில் யுனிவர்சிட்டி ஆளுங்க பேப்பர் போட்டாங்க, ஆம்பளைங்க பக்கத்துல இருந்தாலே, அவங்க போட்ட டிஷர்ட்ட வெச்சாலே எலி வலிய கம்மியா காட்டுதாம். அதுக்கப்புறம் எங்க கைடு, ஊசி போட ஆரம்பிச்ச ஆளே கடைசி எலி வரைக்கும் போடணும்னு சொல்லிட்டார். பசங்களுக்கு செம கடுப்பு 😄

பதில்:
அக்கா, நீங்க மார்ஃபின்னு அசால்டா சொல்றீங்க! எனக்கு எத்திக்ஸ் கமிட்டி ஓகே சொல்லிட்டாங்க, என்டிபிஎஸ் (போதைப்பொருள் சட்டம்) அனுமதிக்குத்தான் நாயா அலைஞ்சேன். சரி ட்ராமடால்ங்கற இன்னொரு வலி மருந்துல பண்ணலாம்னு பாத்தா 2018ல அதையும் அந்தச் சட்டத்தோட லிஸ்ட்ல சேத்துட்டாங்க. கடைசில அசிட்டிக் ஆசிட் போட்டு வயிறு முறுக்கறத எண்ணற டெஸ்ட்டுக்கு மாறி, டைக்ளோஃபினாக்க வெச்சே தீசிஸ முடிச்சேன், வைவால யாரும் ஏன்னு கூட கேக்கல.