டெக்ஸஸ் கவுண்டியில் செப்டிக் பெர்மிட் கேட்டால் "ஆவணம் எதுவும் இல்லை" என்கிறார்கள். அடுத்து என்ன?

ஈசானமூலை (கேள்வி)

டெக்ஸஸில், நகர எல்லைக்கு வெளியே, 1 ஏக்கர் மனையில் 2003-ல் கட்டிய வீடு. ஒப்பந்தம் போட்டாயிற்று. ஆப்ஷன் பீரியடை (காரணம் சொல்லாமல் ஒப்பந்தத்திலிருந்து விலகக்கூடிய நாட்கள்) ஒருமுறை நீட்டியும் இனி 6 நாள்தான் இருக்கிறது. ஏரோபிக் செப்டிக் (காற்றைச் செலுத்திக் கழிவுநீரைச் சுத்திகரித்து மனையிலேயே தெளிக்கும் அமைப்பு). விற்பவரிடம் பெர்மிட் நகல் இல்லை. பின்னால் நீச்சல்குளம் வெட்டும் எண்ணம் இருப்பதால், டேங்க் எங்கே, தண்ணீர் தெளிக்கும் தலைகள் எங்கே என்று வரைபடத்தோடு தெரிய வேண்டும்.

செய்து பார்த்தவை:

1. கவுண்டி கிளார்க் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, வீட்டு முகவரியைக் கொடுத்து செப்டிக் பெர்மிட், கட்டட பெர்மிட் இரண்டும் கேட்டேன். "பொருந்தும் ஆவணம் எதுவும் இல்லை" என்று பதில்.

2. பெர்மிட் பிரிவில் வேலை செய்யும் ஒருவரின் மின்னஞ்சலுக்கு அதே கடிதம். 12 நாளாகப் பேச்சே இல்லை.

3. கவுண்டி போர்ட்டலில் "இந்த முகவரி தொடர்பான எல்லா ஆவணங்களும் கடிதப் போக்குவரத்தும்" என்று போட்டேன். 175 டாலர் ஆகும், முன்பணம் கட்டு என்கிறார்கள்.

10 நாளில் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாமே? புகார் கொடுக்கலாமா?

பத்திரக்கட்டு

புகார் நிற்காது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கவுண்டி கிளார்க்கை ஏறக்குறைய நம்மூர் சார்பதிவாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரயப் பத்திரம், டீட் ஆஃப் டிரஸ்ட் என்கிற அடமானப் பத்திரம், பிளாட் என்கிற மனைப்பிரிவு வரைபடம், திருமண உரிமம் எல்லாம் அங்கே இருக்கும். பெர்மிட் கோப்பு இருக்காது. அவர் "இல்லை" என்றால் "என்னிடம் இல்லை" என்று பொருள். (விவாகரத்து வழக்குக் கட்டு வேண்டுமென்றால் டிஸ்ட்ரிக்ட் கிளார்க். அது வேறு அலுவலகம். பலர் இதிலும் தடுக்கி விழுகிறார்கள்.)

கட்டட பெர்மிட்டைத் தேடுவதை விட்டுவிடுங்கள். டெக்ஸஸ் கவுண்டிகளுக்கு நகர எல்லைக்கு வெளியே கட்டட விதி போடும் அதிகாரம் மிகக் குறைவு. 2003-ல் கட்டிய வீட்டுக்கு அப்படி ஒரு காகிதம் பிறக்காமலே போயிருக்க வாய்ப்பு அதிகம்.

செப்டிக்குக்கு அலுவலக மொழியில் ஓ.எஸ்.எஸ்.எஃப். என்று பெயர். மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையமான டி.சி.இ.க்யூ. அந்த அதிகாரத்தைப் பெரும்பாலும் கவுண்டிக்குக் கொடுத்திருக்கும், சில ஏரிக்கரைப் பகுதிகளில் நதி ஆணையத்துக்கு. உங்கள் இடத்துக்கு யார் என்பதை டி.சி.இ.க்யூ. தளத்தில் கவுண்டி பெயர் போட்டுப் பாருங்கள். அந்த அலுவலகத்துக்குத்தான் மனு போக வேண்டும்.

இனி முக்கியமான ஒன்று. முகவரியை வைத்துக் கேட்காதீர்கள். பெர்மிட் வாங்கும்போது அது வெறும் மனை. தெரு எண்ணே வந்திருக்காது. கோப்பு பில்டர் பெயரிலோ முதல் உரிமையாளர் பெயரிலோ, லாட் (மனை), பிளாக் (மனைத் தொகுதி) எண்ணோடு கிடக்கும். அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் தளத்தில் (சொத்து வரிக்கு மதிப்புப் போடும் அமைப்பு; கவுண்டியின் பிரிவு அல்ல, தனி அமைப்பு) வீட்டைத் தேடி, லீகல் டிஸ்கிரிப்ஷன் என்கிற மனையின் சட்ட விவர வரியை ஓர் எழுத்து பிசகாமல் நகலெடுங்கள். மனுவில் மனைப்பிரிவு பெயர், செக்‌ஷன், லாட், பிளாக், பிராப்பர்ட்டி ஐ.டி., பில்டர் பெயர், 2002 முதல் 2004 வரை என்ற கால வரம்பு இத்தனையும் இருக்கட்டும். முகவரியைக் கடைசியில் போடுங்கள்.

கணக்குப்பிள்ளை

10 நாள் பற்றி. டெக்ஸஸ் பப்ளிக் இன்ஃபர்மேஷன் ஆக்ட், அரசுச் சட்டத் தொகுப்பு 552-ஆம் அத்தியாயம். அதில் இருப்பது "தாமதமின்றிக் கொடு" என்பதுதான். 10 வேலை நாளுக்குள் கொடுக்க முடியாவிட்டால் என்று தருவோம் என்பதை எழுத்தில் சொல்ல வேண்டும். மறைக்க நினைத்தால் அதே 10 வேலை நாளுக்குள் மாநில அட்டர்னி ஜெனரலிடம் தீர்ப்புக் கேட்க வேண்டும். அவருக்கு 45 வேலை நாள் அவகாசம். சனி, ஞாயிறு, விடுமுறை எதுவும் கணக்கில் வராது.

உங்கள் இரண்டாவது கடிதம் ஊழியரின் சொந்த அலுவலக முகவரிக்குப் போயிருக்கிறது. தகவல் மனுவுக்கென ஒரு மின்னஞ்சலையும் ஓர் அஞ்சல் முகவரியையும் அலுவலகம் அறிவித்திருந்தால், வேறு மின்னஞ்சலுக்கு வந்ததற்குப் பதில் சொல்லும் கடமை அவர்களுக்கு இல்லை. நேரில் கொண்டுபோய்க் கொடுத்தால் செல்லும்.

175 டாலர் எப்படி வந்தது? விவரப் பட்டியல் கொடுத்திருப்பார்களே, 40 டாலரைத் தாண்டினால் கொடுத்தாக வேண்டும்.

ஈசானமூலை

ஆமாம். 8 மணி நேர வேலை 120, மேல்செலவு 24, 310 பக்கம் 31.

கணக்குப்பிள்ளை

கணக்கு சரிதான். வேலைக்கு மணிக்கு 15 டாலர், அதில் 20 சதவீதம் மேல்செலவு, பக்கத்துக்கு 10 சென்ட். 100 டாலரைத் தாண்டியதால் முன்பணமும் கேட்கலாம். பணத்தை ஏற்றிவிட்டது "கடிதப் போக்குவரத்தும்" என்ற உங்கள் ஒரு சொல். யாரோ உட்கார்ந்து மின்னஞ்சல்களைத் துழாவ வேண்டும்.

கேட்பது 50 பக்கத்துக்குள் அடங்கினால் வேலைக்கூலி போட முடியாது. தனித்தனிக் கட்டடங்களிலோ வெளிக் கிடங்கிலோ கோப்பு கிடந்தால்தான் விலக்கு. எனவே நான்கே உருப்படிகள் கேளுங்கள்: பெர்மிட் விண்ணப்பமும் டிசைனும், கட்டுமான அனுமதி, இறுதி ஆய்வு அறிக்கையோடு ஆஸ்-பில்ட் (உண்மையில் கட்டியபடி வரைந்த) வரைபடம், கடைசி 2 ஆண்டுப் பராமரிப்பு அறிக்கைகள். "மின்னணு வடிவில் போதும்" என்று ஒரு வரி. செப்டிக் கோப்பு பெரும்பாலும் 20, 30 பக்கம்தான்.

மதிப்பீட்டுக்கு 10 வேலை நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்லாவிட்டால் மனுவைத் திரும்பப் பெற்றதாக எடுத்துக்கொள்வார்கள். சுருக்கிக் கேட்டால் புது மனுவாகக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். இருந்தாலும் சுருக்குவதே லாபம். ஆர்.டி.ஐ.க்கு 10 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டுவதுபோல மனுக் கட்டணம் இங்கே இல்லை. எதற்குக் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்கவும் கூடாது, நீங்களாக நீச்சல்குளக் கதையை எழுதவும் வேண்டாம்.

கொல்லைப்புறம்

ஒரு குறுக்குவழி விட்டுப்போயிற்று. ஏரோபிக் மாதிரிப் பராமரிப்பு ஒப்பந்தம் தேவைப்படும் அமைப்புக்கு, உரிமையாளர் "அஃபிடவிட் டு தி பப்ளிக்" என்ற உறுதிமொழியை நிலப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்பது மாநில விதி. அதாவது பெர்மிட் கோப்பு கிளார்க்கிடம் இல்லாவிட்டாலும் அதன் நிழல் அவரிடம் இருக்கும். மனு எதுவும் வேண்டாம். கிளார்க் தளத்தில் ஆவண வகையில் அஃபிடவிட் என்று வடிகட்டித் தேடுங்கள். பல கவுண்டிகளில் "அன்அஃபிஷியல்" என்று குறுக்கே அச்சடித்த படத்தை இலவசமாகப் பார்க்கலாம். நகல் வேண்டுமானால் பக்கம் 1 டாலர், சான்றிட்டுத் தர மேலே 5 டாலர்.

அதில் வரைபடம் இருக்காது. ஆனால் யார் பெயரில், எந்தத் தேதியில் செப்டிக் வந்தது என்று தெரிந்துவிடும். பெர்மிட் அலுவலகத்துக்கு அந்த இரண்டும் போதும்.

ஈசானமூலை

நன்றி. தேடினேன், வரவில்லை. இப்போது விற்பவரும் தமிழர்தான். அவர் பெயரைப் போட்டால் அவர் வாங்கிய பத்திரமே வரமாட்டேன் என்கிறது. கிளார்க் தளம் பழுதா?

பத்திரக்கட்டு

தளம் பழுதில்லை. இன்டெக்ஸ் "கடைசிப் பெயர், முதல் பெயர்" என்ற வரிசையில் ஓடுகிறது. நம் பெயர் எந்தப் பக்கம் விழும் என்பது பத்திரம் தட்டச்சு செய்தவர் கையில். இப்படி மாற்றிப் பாருங்கள்:

அப்பா பெயர் முன், தன் பெயர் பின். பிறகு தலைகீழாக. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் என்றால் முதல் பெயர் இடத்தில் "எஃப்.என்.யூ." (முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம்) என்று விழுந்திருக்கும். நீண்ட பெயருக்கு முதல் 5, 6 எழுத்து மட்டும் போட்டு "இப்படித் தொடங்கும்" என்ற தேர்வை வையுங்கள். சுப்ரமணியன், சுந்தரமூர்த்தி எல்லாம் நடுவில் வெட்டுப்பட்டு இரண்டு சொல்லாக நிற்பது சகஜம்.

இன்னொன்று: வாங்கியவர் கிரயப் பத்திரத்தில் கிரான்டி (பெறுபவர்), அதே நாளில் பதிவான டீட் ஆஃப் டிரஸ்டில் கிரான்டர் (எழுதிக் கொடுப்பவர்). ஒரு பக்கம் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும்.

பெயரோடு மல்லுக்கட்டாமல் மனைப்பிரிவு, லாட், பிளாக் போட்டுத் தேடுவதே உத்தமம். 2003-லிருந்து இன்றுவரை அந்த லாட்டின் மேல் பதிவான அத்தனையும் தேதி வாரியாக வரிசையில் நிற்கும். நம்மூர் வில்லங்கச் சான்று பார்க்கிற மாதிரி, கீழிருந்து மேலே படித்துக்கொண்டு வாருங்கள்.

கொல்லைப்புறம்

வில்லங்கம் என்றதும் ஞாபகம்: ஈஸ்மென்ட் (மனையின் ஒரு பகுதியைப் பயன்படுத்தப் பிறருக்குள்ள உரிமை), கட்டுப்பாட்டு விதிகளுக்கு நீங்களே அலைய வேண்டாம். உரிமைக் காப்பீடு செய்யும் டைட்டில் கம்பெனி தரும் கமிட்மென்டில் (காப்பீட்டுக்கு முந்தைய அறிக்கை) ஷெட்யூல் பி என்ற பகுதி உண்டு. மனையைக் கட்டுப்படுத்தும் பதிவுகள் ஆவண எண்ணோடு அதில் இருக்கும். அந்த ஆவணங்களின் நகலை அந்தக் கம்பெனியில் கிரயத்தை முடித்துத் தரும் எஸ்க்ரோ ஆபீசரிடம் கேளுங்கள். நகல் செலவு வாங்குபவருடையது. செப்டிக் டேங்குக்கு மேல் ஈஸ்மென்ட் போகிறதா என்பது அங்கேதான் தெரியும்.

ஈசானமூலை

லாட், பிளாக் போட்டதும் வந்துவிட்டது. அஃபிடவிட் 2003 மார்ச், பில்டர் பெயரில்! பெர்மிட் அலுவலகத்துக்கு நேரில் போய் அந்தத் தாளைக் காட்டினேன். கோப்பு 22 பக்கம், ஸ்கேன் செய்து இன்று மாலை அனுப்புகிறார்களாம். 175 டாலர் மனுவை என்ன செய்ய?

கணக்குப்பிள்ளை

திரும்பப் பெறுகிறேன் என்று எழுத்தில் ஒரு வரி அனுப்புங்கள். கோப்பு வந்ததும் டிசைன் தாளையும் ஆஸ்-பில்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பாறை தட்டினால் டேங்கை நகர்த்தியிருப்பார்கள், டிசைனில் அது தெரியாது. நீச்சல்குளத்துக்கு எத்தனை அடி தள்ள வேண்டும் என்பது டெக்ஸஸ் நிர்வாக விதித் தொகுப்பு 30-ஆம் தலைப்பு, 285-ஆம் அத்தியாய இடைவெளி அட்டவணையில் இருக்கிறது. டேங்குக்கு ஓர் அளவு, தெளிக்கும் பரப்புக்கு வேறு அளவு.

பராமரிப்பு அறிக்கை 4 மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கில் 2 ஆண்டுக்கு 6 இருக்க வேண்டும். குறைந்தால் விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது.

பத்திரக்கட்டு

வீட்டுக் கிரயம் முடிந்த சில வாரத்தில், அரசாங்கக் கடிதம் போன்ற தோற்றத்தில் "உங்கள் பத்திர நகலுக்கு இவ்வளவு டாலர் அனுப்பவும்" என்று தபால் வரும். அது கவுண்டி அனுப்புவதல்ல. அதே நகல் கிளார்க்கிடம் பக்கம் 1 டாலர்தான். கிழித்துப் போடுங்கள்.