16 வயது மகளுக்குக் கோடை வேலை, அதோடு அந்த 40 மணித்தியாலம் - ரொறன்ரோ ஸ்காபரோவில் எங்கே தொடங்குவது?

மல்வேன் அம்மா

வணக்கம். மே பாதி போய்விட்டது, வீட்டில் ஒரே சண்டை, அதனால்தான் இங்கே கேட்கிறேன். மூத்தவளுக்கு 16 வயது, 10ஆம் வகுப்பு. ஜூன் கடைசியில் பள்ளிக்கூடம் மூடினால் செப்டெம்பர் வரை கட்டிலும் போனும்தான், போன வருடம் அப்படித்தான் போனது. இந்த வருடம் வேலைக்குப் போகிறேன் என்று அவளே சொல்கிறாள். நல்ல விஷயம், ஆனால் எப்படித் தேடுவது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் தெரிந்த அண்ணை ஒருவர் "நாளைக்குக் காலமை ரெடியாக நில்" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டுபோய் ஃபக்ரரியில் விட்டார். எங்களுக்குத் தெரிந்த வேலை தேடல் அவ்வளவுதான்.

இரண்டு கிழமையாக இணையத்தில் 28 இடத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். எண்ணி எழுதி வைத்திருக்கிறாள் பாவம். ஒரு இடத்திலிருந்தும் பதில் இல்லை. நேற்று இரவு அழுதுவிட்டாள்.

இன்னொன்று, உயர்பள்ளி முடிக்கப் பள்ளிக்கூடம் கேட்கிற 40 மணித்தியாலத் தொண்டர் வேலை. இதுவரை ஆறுதான் முடித்திருக்கிறாள். சம்பள வேலைக்குப் போனால் அதை இதில் காட்டலாமா? வீட்டில் தம்பியைப் பார்க்கிறேனே, அதை எழுதலாமா என்றும் கேட்கிறாள் (பார்க்கிறாளாம்!). அவளுடைய அப்பா என்னவென்றால், அவள் உழைத்தால் பிள்ளைகளுக்காக அரசாங்கம் எங்களுக்குத் தருகிற சைல்ட் பெனிபிட் காசு வெட்டுப்படும் என்று பயப்படுகிறார். அது உண்மையா?

நாங்கள் இருப்பது ஸ்காபரோவில் மல்வேன் பக்கம். கார் ஒன்றுதான், காலை ஐந்து மணிக்கே அவர் கொண்டுபோய்விடுவார். பஸ்ஸில் போகக்கூடிய இடமாகச் சொன்னால் புண்ணியம்.

நீச்சல்குளக்காரி

அன்ரி, முதலில் தங்கச்சியிடம் சொல்லுங்கள், 28 இடத்தில் பதில் வராதது அவளுடைய பிழை இல்லை. பிந்திவிட்டாள், அவ்வளவுதான். ரொறன்ரோ மாநகரசபையின் கோடை வேலைகள், அதாவது சிறுவர் முகாம், நீச்சல்குளம், பூங்கா எல்லாவற்றுக்கும் குளிர்காலத்திலேயே ஆள் எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். வெளியே பனி கொட்டுகிறபோது கோடை வேலைக்கு விண்ணப்பம் போட யாருக்குத்தான் தோன்றும்? எனக்கும் தோன்றவில்லை, முதல் வருடம் நானும் மே மாதத்தில் போய் நின்று திரும்பி வந்தவள்தான்.

பிறகு எப்படி உள்ளே போனேன் என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் தங்கச்சிக்கும் அதுதான் வழி என்று நினைக்கிறேன். வீட்டுக்குப் பக்கத்துச் சமூக நிலையத்தில் சின்னப் பிள்ளைகளின் கோடை முகாமுக்குத் தொண்டராகப் போனேன். சம்பளம் இல்லை. பசை ஒட்டுவது, வரிசையில் கழிப்பறைக்குக் கூட்டிப்போவது, ஒரே பிள்ளையின் சப்பாத்து நாடாவை ஒரு நாளில் பதினொரு தரம் கட்டுவது. இரண்டு கிழமையில் 40 மணித்தியாலம் முடிந்துவிட்டது. அதைவிடப் பெரிய விஷயம், அந்த நிலையத்தில் எல்லாருக்கும் என் பெயர் தெரிந்துவிட்டது. அடுத்த தை மாதம் விண்ணப்பம் போட்டபோது பரிந்துரைக்கு எழுத இரண்டு பெயர் என்னிடம் இருந்தது. உங்கள் மகளின் 28 விண்ணப்பத்திலும் அந்த இடத்தில் யாருடைய பெயரை எழுதியிருப்பாள் என்று கேட்டுப் பாருங்கள்.

தங்கச்சிக்கு நீந்தத் தெரியுமா? தெரிந்தால் லைஃப்கார்ட் (நீச்சல்குளக் காவலர்) வேலையை யோசிக்கலாம். அதற்குப் படிப்படியாகப் பயிற்சி இருக்கிறது: முதலில் புரொன்ஸ் மெடாலியன், பிறகு புரொன்ஸ் குரொஸ், முதலுதவிச் சான்றிதழ், கடைசியில் நஷனல் லைஃப்கார்ட். கடைசிப் படிக்கு 15 வயது ஆகியிருக்க வேண்டும், அவளுக்கு 16, ஆகவே அது பிரச்சினை இல்லை. இதெல்லாம் ஒரே கோடையில் முடிகிற காரியமும் இல்லை, அவசரப்பட வேண்டாம். இந்தக் கோடையில் முதல் இரண்டு, பனிக்காலத்தில் மிச்சம், அடுத்த வருடம் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். மோர்னிங்சைட் வீதியில் 2015 பான் அம் விளையாட்டுக்காகக் கட்டிய அந்தப் பெரிய குளம் உங்களுக்குப் பஸ்தூரம்தானே, ஒரு தடவை கூட்டிப்போய்க் காட்டுங்கள், பிறகு அவளே போவாள். வகுப்புக் கட்டணம் கஷ்டம் என்றால் மாநகரசபையின் வெல்கம் பொலிசி என்று ஒன்று இருக்கிறது, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு உதவி. சில சமூக நிலையங்களில் வகுப்புகளே இலவசம். கேட்க வெட்கப்படாதீர்கள், எங்கள் அம்மா வெட்கப்பட்டு இரண்டு வருடம் வீணாகப் போனது.

மூன்று பிள்ளைகளின் அப்பா

நீச்சல்குளத் தங்கச்சி சொன்னது சரி. நான் காசு விஷயத்துக்கு வருகிறேன், அதில் மூன்று பிள்ளையோடு அடிபட்டவன்.

சைல்ட் பெனிபிட் வெட்டுப்படாது. அது தாய் தகப்பனின் வருமானத்தை வைத்துக் கணக்குப் பார்ப்பது, பிள்ளை கோடையில் உழைக்கிற காசு அதற்குள் வராது. உங்கள் அவரிடம் சொல்லுங்கள், நிம்மதியாகத் தூங்கட்டும்.

40 மணித்தியாலத்தில் சம்பள வேலை சேராது. தம்பியைப் பார்ப்பது, வீடு கூட்டுவது எல்லாம் வீட்டுக் கடமை, அதுவும் சேராது (நல்ல முயற்சிதான்). வகுப்பு நேரத்தில் செய்ததும் சேராது, மதியச் சாப்பாட்டு இடைவேளையில் செய்தால் பரவாயில்லை. செய்து முடித்த உடனேயே கையெழுத்து வாங்கி வைக்கச் சொல்லுங்கள். என் மூத்தவன் இரண்டு வருடம் கழித்துக் கையெழுத்துக் கேட்டுப் போனபோது அந்தப் பொறுப்பாளர் அங்கே இல்லை, 12ஆம் வகுப்புக் கடைசியில் ஓடித்திரிந்தான்.

சின் நம்பர் (சமூகக் காப்புறுதி இலக்கம்) எடுத்தாயிற்றா? அது இல்லாமல் யாரும் சம்பளம் போட முடியாது. இலவசம்தான், சேவிஸ் கனடாவில் எடுக்கலாம், பிறப்புச் சான்றிதழ் அல்லது குடியுரிமைப் பத்திரம் மூலப்பிரதியாகக் கொண்டுபோங்கள்.

சம்பளம்: 2025 ஒக்ரோபரிலிருந்து ஒன்ராறியோவில் குறைந்தபட்சம் மணிக்கு 17.60 டொலர், 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட மாணவருக்கு 16.60. கோடை விடுமுறையில் கிழமைக்கு 40 மணித்தியாலம் நின்றாலும் மாணவர் சம்பளம்தான், ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் சிறுவர் முகாமில் வேலை செய்யும் மாணவருக்கு அந்தக் குறைந்தபட்சச் சம்பளமே பொருந்தாது என்று சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. தனியார் முகாம் ஏதாவது கூப்பிட்டால் கையெழுத்துப் போட முதல் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது என் வயிற்றெரிச்சல். இரண்டாவது மகள் போன கோடையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனாள். நம்மவர்கள் கடைதான், பெயர் வேண்டாம். "முதல் மூன்று நாள் ட்ரெயினிங், அதற்குச் சம்பளம் இல்லை" என்றார்கள். பிள்ளையும் போய் மூன்று நாளும் கோப்பை கழுவினாள், மேசை துடைத்தாள், நாலாம் நாள் "பிறகு கூப்பிடுகிறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். அதே கிழமை அடுத்த பிள்ளை வந்து மூன்று நாள் கழுவியது. எனக்குத் தெரியவந்தபோது போய்ச் சத்தம் போட்டேன், "அண்ணை, சின்னப் பிள்ளைக்கு வேலை பழக்கினதே பெரிது" என்று எனக்கே பாடம் எடுத்தார்கள். ட்ரெயினிங்கும் வேலைதான், ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் சம்பளம் கொடுக்கத்தான் வேண்டும். தொழில் அமைச்சில் முறைப்பாடு கொடுக்கக் காசும் தேவையில்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுக்கலாம். நான் கொடுக்கச் சொன்னேன், மகள் வேண்டாம் என்றுவிட்டாள், அங்கே அவளுடைய சிநேகிதியின் அம்மா வேலை செய்கிறாராம். இதுதான் நம்முடைய கதை.

மார்க்கம் வீதிக் கடைக்காரன்

மேலே அண்ணை எழுதியது என் கடையைப் பற்றி இல்லை, நான் விற்பது சேலையும் பிளவுசும்! ஆனால் இரண்டு மூன்று மாணவரை ஒவ்வொரு கோடையும் எடுக்கிறவன் என்ற முறையில் சிலதைச் சொல்ல வேண்டும், கோபிக்க வேண்டாம்.

அம்மா வந்து "என் மகளுக்கு வேலை இருக்கா" என்று கேட்டால் நான் சிரித்துக் கதைத்து அனுப்பிவிடுவேன். பிள்ளை கதவடியில் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அதே பிள்ளை தனியாக வந்து, தமிழோ ஆங்கிலமோ, தடுமாறினாலும் பரவாயில்லை, என் முகத்தைப் பார்த்து எந்த நாட்களில் வரமுடியும் என்று சொன்னால் அன்றைக்கே பெயரை எழுதிவைப்பேன். இணையத்தில் வருகிற விண்ணப்பத்தை உண்மையில் நான் திறப்பதே இல்லை, என் மனைவிதான் எப்போதாவது பார்ப்பார். சின்னக் கடைகள் பலவும் இப்படித்தான். சனி ஞாயிறு பின்னேரம் போக வேண்டாம், அப்போது கல்யாணக் கூட்டம் நிற்கும், யாருக்கும் தலை நிமிராது. செவ்வாய், புதன் காலை பதினொரு மணிக்குப் போகச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கனடா சமர் ஜொப்ஸ் என்று மத்திய அரசின் திட்டம் இருக்கிறது. 15 முதல் 30 வயது வரை, குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ அகதி அந்தஸ்தோ இருக்க வேண்டும், படிக்க விசாவில் வந்தவர்களுக்கு இல்லை. சம்பளத்தில் ஒரு பகுதியை அரசாங்கம் முதலாளிக்குத் திருப்பிக் கொடுக்கும், அதனால் சின்னச் சங்கங்களும் 50 பேருக்கு மேற்படாத கடைகளும் பிள்ளைகளை எடுக்க முடிகிறது. அந்த வேலைகள் அரசாங்கத்தின் ஜொப் பாங்க் தளத்தில் இப்போதும் போட்டுக்கொண்டிருப்பார்கள், மே என்பது அதற்கு முற்றாகப் பிந்தியது இல்லை. பாலர் பராமரிப்பு, முதியோர் சங்கம், நாடகக் குழு என்று நினைக்காத இடமெல்லாம் அதில் இருக்கும்.

நகரத்துப் பெரிய கோடைக் கண்காட்சியான எக்ஸிபிஷனைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். ஓகஸ்ட் நடுவிலிருந்து 18 நாள், செப்டெம்பர் தொடக்கத்து லேபர் டே வரை, நிறையப் பிள்ளைகளை எடுப்பார்கள். ஆனால் மல்வேனில் இருந்து பஸ், ரெயின் மாறி மாறிப் போய்வரவே மூன்று மணித்தியாலம் போய்விடும், 2023 ஜூலையில் ஸ்காபரோ ரெயினான ஆர்.ரி. தடம்புரண்டு நின்றதோடு நம்முடைய பக்கத்துப் பயணம் உங்களுக்கே தெரியும். இரவு வேலை முடிந்து பிள்ளை வீடு வந்து சேரும்வரை நீங்கள் ஜன்னலில் நிற்பீர்கள்.

சும்மா ஒருத்தி

எல்லாரும் வேலை வேலை என்கிறீர்கள். பத்து மாதம் படித்த பிள்ளை இரண்டு கிழமை பத்து மணிவரை தூங்கினால் என்ன குடி முழுகிவிடும்? ஜூலை முதல் கிழமையை அவளுக்கே விடுங்கள். பிறகு நூலகத்துக்குப் போகட்டும். ரொறன்ரோ நூலகக் கிளைகளில் பதின்வயதினர் ஆலோசனைக் குழு இருக்கிறது, கூடி இருந்து நிகழ்ச்சி திட்டமிடுவார்கள், அந்த நேரமும் 40இல் சேரும், ஏசியும் இருக்கும். என் மகன் அங்கே போய்த்தான் வாய் திறந்து கதைக்கப் பழகினான்.

மல்வேன் அம்மா

எல்லாருக்கும் நன்றி. நான்கு நாள் கழித்து எழுதுகிறேன்.

கடைக்காரத் தம்பி, நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு எனக்கு முகம் சுருங்கிப்போனது, ஏனென்றால் போன சனிக்கிழமை பின்னேரம் இரண்டு கடையில் நான்தான் போய்க் கேட்டேன், அவள் கதவடியில் நின்றாள். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் என்பதால் பதினொரு மணிக்குப் போக முடியவில்லை, நேற்றுப் பள்ளிவிட்டு நாலு மணிக்குத் தனியாகப் போனாள். நான் பஸ் தரிப்பிடத்தில் மறைந்து நின்றேன் (அவளுக்குத் தெரியாது, தெரிந்திருக்கும்). ஐந்து இடம். மூன்றில் ஆள் வேண்டாம். ஒரு மருந்தகத்தில் ஜூனில் வந்து பார் என்றார்களாம். ஒரு பூக்கடை அக்கா, ஓகஸ்ட் கல்யாணங்களுக்கு மாலை கட்ட ஆள் தேவை, கட்டத் தெரியுமா என்று கேட்டாராம். இவள் தெரியும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். தெரியாது. இப்போது வீட்டில் என் அம்மா அவளுக்கு நூலும் கையுமாகப் பழக்கிக்கொண்டிருக்கிறார், குசினியெல்லாம் இதழ்.

சமூக நிலையத்தில் தொண்டர் படிவமும் எடுத்தாயிற்று, ஜூலை இரண்டாம் மூன்றாம் கிழமை முகாமுக்குத் தேவைப்படும் என்றார்கள். அவளுடைய அப்பாவிடம் பெனிபிட் விஷயத்தைச் சொன்னேன், "அப்ப சரி" என்றார், வேறு ஒன்றும் இல்லை.

அவளுக்கு நீந்தத் தெரியாது மகளே, நாங்கள் பழக்கவில்லை. 16 வயதில் தொடங்கினால் சரிவருமா?

நீச்சல்குளக்காரி

அன்ரி, எங்கள் வகுப்பில் 60 வயது அன்ரி ஒருவர் போன வருடம் தொடங்கி இப்போது ஆழப் பக்கம் போகிறார். தாராளமாகச் சரிவரும், ஆனால் லைஃப்கார்ட் கதையை இரண்டு வருடம் தள்ளிவையுங்கள், முதலில் சாதாரண வகுப்பு. இடங்கள் திறந்த சில நிமிடத்தில் நிரம்பிவிடும், பதிவு தொடங்கும் நாளில் காலை ஏழு மணிக்கு முதலே கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு இருங்கள். அப்புறம், நீங்களும் சேருங்கள்.