மூன்று புள்ளிகள் உள்ள பெயர்

குழு: மேலத்தெரு வீடு

தாத்தா, காலை 9.50
செந்தில், நைஜீரியாவில் இருக்கும் உன் மாமனாருக்கு நேற்று அவருடைய இக்போ மொழியிலேயே ஒரு வரி வாழ்த்து அனுப்பினேன். கொள்ளுப்பேத்தி பிறந்ததால் வீடு முழுவதும் மகிழ்ச்சி என்று எழுதியதாகத்தான் எண்ணியிருந்தேன். சம்பந்தியோ, 'எங்கள் வீட்டிலும் வாய்களுக்குக் குறைவில்லை' என்று ஆங்கிலத்தில் பதில் அனுப்பியிருக்கிறார். நான் எங்கே தவறினேன்?

செந்தில், காலை 10.42
தாத்தா, இங்கே எனுகு நகரில் இப்போதுதான் விடிந்திருக்கிறது, அதனால்தான் தாமதம். இக்போவில் மகிழ்ச்சியை 'ஒஙு' என்றும் வாயை 'ஒனு' என்றும் சொல்வார்கள். உரோம எழுத்தில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 'என்' எழுத்தின் தலையில் இருக்கும் ஒரு புள்ளி மட்டுமே. உங்கள் கைப்பேசியில் அந்தப் புள்ளி இல்லாததால் மகிழ்ச்சி வாயாகிவிட்டது. மாமனார் வருந்தவில்லை, மகள் இஃபியோமாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

கயல், காலை 10.55
அண்ணா, அந்தப் புள்ளிகளை அவர்களே போடுவதில்லையே! அண்ணி அனுப்பும் செய்திகளில் நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

செந்தில், காலை 11.08
உண்மைதான் கயல், அன்றாடச் செய்திகளில் பெரும்பாலோர் புள்ளியை விட்டுவிட்டு இடம்பார்த்துப் பொருள் கொள்கிறார்கள். பழைய குறுஞ்செய்திக் காலத்திலிருந்து வந்த பழக்கம் இது என்பது என் மைத்துனரின் வாதம். வெறும் ஆங்கில எழுத்துகள் என்றால் ஒரு செய்தியில் 160 இடங்கள் கிடைக்கும். புள்ளியெழுத்து ஒன்றே ஒன்று நுழைந்தாலும் அது 70 ஆகச் சுருங்கிவிடும். தமிழில் அனுப்பியபோது நமக்கும் அதே 70தான்.

ஆனால் அந்தப் புள்ளி ஓர் அலங்காரம் அன்று. 1961இல் ஒன்வு குழு வகுத்த எழுத்துமுறையில் 36 எழுத்துகள் உள்ளன. அவற்றில் கீழ்ப்புள்ளி பெற்ற 'ஐ', 'ஓ', 'யூ' ஆகிய மூன்றும், மேற்புள்ளி பெற்ற 'என்' எழுத்தும் தனித்தனி எழுத்துகள். எட்டு உயிர்களும் நான்கு நான்காக இரண்டு அணிகளாகப் பிரிந்து நிற்கின்றன. ஒரு சொல்லில் பெரும்பாலும் ஒரே அணியின் உயிர்கள்தாம் வரும். கீழ்ப்புள்ளி உயிர்கள் மூன்றும் அகரத்தோடு ஓரணி. குழந்தைக்கு 'மகிழ்ச்சி' என்னும் பொருளில் அஙுலி என்று பெயர் வைத்தோம் அல்லவா, அதில் அகரம் முன்னே நிற்பதால் பின்னால் வரும் உகரமும் இகரமும் புள்ளி பெற்றவையாகவே வந்துள்ளன. ஙகரத்தின் மேற்புள்ளியையும் சேர்த்தால் மொத்தம் மூன்று புள்ளிகள்.

மல்லிகா அத்தை, காலை 11.20
தம்பி, எங்கள் கைப்பேசியில் அதை எப்படித் தட்டுவது என்று முதலில் சொல். 'ஓ'வை அழுத்திப் பிடித்துப் பார்த்தேன். தலையில் இரட்டைப் புள்ளி, தொப்பி, குறுக்குக்கோடு எல்லாம் வருகின்றன, காலடிப் புள்ளி மட்டும் வரவில்லை.

செந்தில், காலை 11.31
அத்தை, நீங்கள் பார்த்தது ஆங்கில விசைப்பலகை. அந்த இரட்டைப் புள்ளியையே கீழ்ப்புள்ளிக்கு மாற்றாக எழுதும் இக்போக்காரர்களும் உண்டு, மாமனார் அதையும் ஏற்கமாட்டார். கூகுளின் விசைப்பலகைச் செயலியான ஜிபோர்டின் அமைப்புகளில் 'மொழிகள்' பகுதிக்குப் போய் இக்போவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறுவதுபோலவே அதற்கும் மாறிக்கொள்ளலாம்.

இக்போ பலகை கிடைக்காத இடத்தில் மைத்துனர் கையாளும் தந்திரம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வியட்நாமிய மொழியிலும் கீழ்ப்புள்ளி உயிர்கள் உண்டு. அதன் டெலக்ஸ் என்னும் தட்டச்சு முறையில் உயிரெழுத்தைத் தட்டி அடுத்து 'ஜே' தட்டினால் புள்ளி காலடியில் வந்து ஒட்டிக்கொள்ளும். மேற்புள்ளி 'என்' மட்டும் வியட்நாமியத்தில் இல்லை.

அந்தக் குறை எங்களையும் கடித்தது. பெயர்சூட்டு விழா அட்டையை இங்கே ஓர் அச்சகத்தில் கொடுத்தோம். வியட்நாமியத்துக்கும் சேர்த்து வரைந்த எழுத்துரு என்பதால் கீழ்ப்புள்ளிகள் இரண்டும் அழகாக விழுந்தன, ஙகரத்தின் இடத்தில் மட்டும் வெற்றுக் கட்டம் நின்றது. எழுத்துருவை மாற்றி மறுபடியும் அச்சிடும்வரை மாமனார் அட்டையைக் கையால் தொடவில்லை.

தாத்தா, காலை 11.46
அவர் செய்ததே சரி. நாற்பது ஆண்டுகள் கரும்பலகையில் ஒற்றுப்பிழை திருத்தியவன் என்ற முறையில் அவர் பக்கம்தான் நிற்பேன். தமிழ் லெக்சிகனைப் பிரித்துப் பாருங்கள், ஙகரத்தை உரோம எழுத்தில் காட்ட அங்கேயும் தலையில் புள்ளி வைத்த அதே 'என்'தான் நிற்கிறது. அரிச்சுவடியைத் தாண்டினால் 'ஙு' வரும் சொல் ஒன்றை நான் கண்டதில்லை. இப்போது என் கொள்ளுப்பேத்தியின் பெயரிலேயே அது வந்து உட்கார்ந்திருக்கிறது.

கயல், பிற்பகல் 12.10
அண்ணா, ஒரு விந்தை. நீங்கள் அனுப்பிய பெயரையும் அண்ணி அனுப்பிய பெயரையும் ஒரு நிரலில் ஒப்பிட்டுப் பார்த்தேன். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகின்றன, நிரல் வேறு வேறு என்கிறது.

செந்தில், பிற்பகல் 12.24
எழுத்துகளுக்குக் கணினிக் குறியீடு தரும் யூனிகோடில் அந்த மேற்புள்ளி 'என்' எழுத்துக்கு இரண்டு வழிகள் உள்ளன: புள்ளியோடு கூடிய முழு எழுத்தாக ஒரே குறியீட்டில் இடலாம், வெறும் எழுத்தை இட்டு, மேலே ஒட்டும் புள்ளியைத் தனிக் குறியீடாகவும் சேர்க்கலாம். இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகு ஒப்பிட்டால் பொருந்திவிடும். குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் தொனிக்குறியும் சேர்ந்தால் சிக்கல் இன்னும் கூடும், ஏனெனில் கீழே புள்ளியும் மேலே தொனிக்குறியும் கொண்ட இக்போ உயிர்களுக்கு ஒற்றைக் குறியீடு இல்லை. நல்லவேளையாக அன்றாட எழுத்தில் தொனியைக் குறிப்பதில்லை. 'அக்வா' என்று எழுதிவிட்டு அது அழுகையா, துணியா, கட்டிலா, முட்டையா என்பதைப் படிப்பவரிடம் விட்டுவிடுகிறார்கள்.

மல்லிகா அத்தை, பிற்பகல் 12.40
எனக்கு வேண்டியது ஒரே ஒரு பெயர். அதற்காக வியட்நாம்வரை போக வேண்டுமா?

செந்தில், பிற்பகல் 12.44
வேண்டாம் அத்தை. நான் தனியாக அனுப்பும் பெயரை நகலெடுத்து, கைப்பேசியின் சொந்த அகராதியில் புள்ளியில்லாத வடிவத்தைக் குறுக்குவழியாகக் கொடுத்துச் சேமித்துவிடுங்கள். அடுத்த முறை வெறுமனே தட்டினாலே புள்ளியுள்ள பெயர் பரிந்துரையில் வரும், அதைத் தொட்டால் போதும்.

தாத்தா, பிற்பகல் 2.15
இக்போ பலகையைச் சேர்த்து, வாயை மகிழ்ச்சியாகத் திருத்தி, பெயரைத் தமிழிலும் எழுதி அனுப்பினேன். சம்பந்தி உடனே பதில் எழுதியிருக்கிறார். இக்போ வரியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தமிழ்ப் பெயரில் கடைசி எழுத்துக்கு மேலே வளைந்து நிற்பது புள்ளியா, வேறொன்றா என்று கேட்கிறார். இகரக் கொக்கியை இனி ஆங்கிலத்தில் விளக்க வேண்டும்.