தொட்டது தெரிந்தது, வலி மட்டும் வரவில்லை: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

அரைத்தூக்கம்:
இரண்டு மாதத்துக்கு முன் எனக்கு முழங்காலில் சவ்வு அறுவை சிகிச்சை நடந்தது. முழு மயக்கம் தேவையில்லை, முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தால் போதும் என்றார்கள். சரி என்றேன். ஊசி போட்டுச் சில நிமிடம் கழித்து மயக்க மருத்துவர் ஸ்பிரிட் நனைத்த பஞ்சைத் தொடையில் வைத்து, "சில்லுனு இருக்கா?" என்று கேட்டார். இல்லை. "நான் தொடுறது தெரியுதா?" தெரிந்தது. பஞ்சு எந்த இடத்தில் இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, உணர்ச்சி இன்னும் போகவில்லையே! "டாக்டர், ஊசி வேலை செய்யல, கத்தி வச்சுடாதீங்க" என்று கத்தியேவிட்டேன்.

அவர் அசரவில்லை. "குளிர்ச்சி தெரியலைன்னா வலியும் தெரியாது. ரெண்டும் ஒரே வண்டியில வர்றவங்க. தொடு உணர்ச்சி வேற வண்டி" என்றார். அப்படியேதான் நடந்தது. காலை மடக்கினார்கள், இழுத்தார்கள், உள்ளே எதையோ குடைந்தார்கள். எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. வலி துளியும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு இந்த ஊசியின் கதையைத் தேடிப் படித்தேன். 1898இல் ஆகஸ்ட் பியர் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் தொடங்கி வைத்தது. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கத் தன் உதவியாளரின் முதுகில் கொக்கைன் ஏற்றி, முழங்காலுக்குக் கீழே எலும்பில் சுத்தியலாலேயே அடித்துப் பார்த்திருக்கிறார். உதவியாளருக்கு வலிக்கவில்லை. அடுத்த நாள் இருவருக்கும் தலைவலி, அது தனிக் கதை.

என் சந்தேகம் இதுதான்: தோல் ஒன்று, இடம் ஒன்று. தொடுதல் மட்டும் மூளைக்குப் போய்ச் சேர்கிறது, வலி போகவில்லை. எப்படி? இதுபோல ஒன்று போய் ஒன்று தங்கிய அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

நடைப்பயிற்சி:
நான் பிசியோதெரபிஸ்ட். உங்கள் மயக்க மருத்துவர் சொன்ன "வேற வண்டி" நூற்றுக்கு நூறு சரி. வண்டி மட்டுமில்லை, தண்டுவடத்துக்குள் இரண்டும் போகும் பாதையே வேறு. அதை எனக்குப் புரியவைத்தது பாடப்புத்தகம் இல்லை, ஒரு நோயாளி.

நடுமுதுகில் இடப்பக்கம் ஆழமான வெட்டுக்காயத்தோடு வந்தவர். தண்டுவடத்தின் இடது பாதி அறுபட்டிருந்தது. இடது கால் அசையவில்லை. கண்ணை மூடச் சொல்லிக் கட்டைவிரலை மேலே தூக்கினால், அது மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று சொல்லத் தெரியாது. வலது கால் நன்றாக இயங்கியது. எல்லாரும் அதை நல்ல கால் என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். ஒருநாள் அவரே சொன்னார்: "அண்ணா, இந்த நல்ல கால்லதான் சுடுதண்ணி தெரிய மாட்டேங்குது. வராத கால்ல நல்லாவே சுடுது." பிறகு குண்டூசியால் குத்திப் பார்த்தோம். வலது காலில் ஊசி மொட்டையாக அழுத்துவது போல இருக்கிறதாம். இடதில் சுருக்கென்று குத்துகிறதாம்.

காரணம் இதுதான். தொடுதல், அதிர்வு, மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வு இவற்றைக் கொண்டுவரும் தடித்த நரம்பிழைகள் தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் அதே பக்கத்தில், பின்புறமாகவே மேலே ஏறுகின்றன. கட்டைவிரலில் தொடங்கும் இழை எங்கேயும் இறங்காமல் மூளையின் அடியில் இருக்கும் முகுளம் வரை ஒரே செல்லாகப் போகிறது. பக்கம் மாறுவது அங்கேதான். வலியும் சூடும் குளிரும் அப்படி இல்லை. அவற்றின் மெல்லிய இழைகள் தண்டுவடத்தில் நுழைந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, பின்கொம்பு என்கிற பகுதியில் செய்தியை அடுத்த செல்லிடம் ஒப்படைத்துவிடுகின்றன. அந்த செல் ஒன்றிரண்டு படி ஏறுவதற்குள் எதிர்ப்பக்கம் தாண்டி, முன்பக்கவாட்டில் ஏறுகிறது. ஆக, இடது பாதியை வெட்டினால் இடது காலின் தொடுதல் சாலையும் வலது காலின் வலிச் சாலையும் சேர்ந்தே அறுந்துபோகின்றன.

மொரீஷியஸில் 1817இல் பிறந்த பிரவுன் செக்கார் என்ற மருத்துவர் இதைக் கண்டு சொன்னார். இன்றும் அவர் பெயரால்தான் இந்த நிலையைக் குறிக்கிறோம். அப்புறம் 1910களின் தொடக்கத்தில், தாங்க முடியாத வலியோடு இருந்த ஒருவருக்கு இந்த வலிப்பாதையை மட்டும் வெட்டி நிவாரணம் கொடுத்தார்கள். வலிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் வெட்ட வேண்டும்! எனக்கு இன்றும் இதை நினைத்தால் தலை சுற்றும்.

கண்மூடி:
அண்ணா சொன்ன "பின்புறச் சாலை" எனக்குப் பழுதாகியிருந்தது. அதனால் நான் தலைகீழ்: வலி தெரியும், மற்றது தெரியாது.

முதலில் இரண்டு பாதத்திலும் மதமதப்பு. பஞ்சு மேல் நடப்பது போல இருக்கும். அப்புறம் முகம் கழுவும்போது விழ ஆரம்பித்தேன். முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியதும் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும். வீட்டில் எல்லாரும் தலைசுற்றல், ரத்த அழுத்தம் என்றே சொன்னார்கள். நானும் நம்பினேன். ஒரு வருடம் வீணாகப் போனது அதில்தான்.

கடைசியில் பார்த்த நரம்பியல் மருத்துவர் நேராக நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். சாய்ந்தேன், பிடித்துக்கொண்டார். பிறகு இசைக்கவையைத் தட்டிக் கணுக்கால் எலும்பில் வைத்தார். "அதிருதா?" எனக்கு ஏதோ இரும்பு வைத்தது போல இருந்தது, அவ்வளவுதான். ஆனால் குண்டூசியால் தொட்டதும் காலை இழுத்துக்கொண்டேன். கால் எங்கே இருக்கிறது என்ற தகவல் தண்டுவடம் வழியாக மூளைக்குப் போகவில்லை, அதுவரை கண்தான் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது என்று விளக்கினார். கண்ணை மூடினால் அதுவும் போச்சு. ரத்தத்தில் பி12 மிகக் குறைவு. என் வயிறு அதை உறிஞ்சவே இல்லையாம். அந்தச் சத்து இல்லாவிட்டால் நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறை கெடும். தடித்த இழைகளுக்கு அந்த உறைதான் வேகம். ஊசி தொடர்ந்து போட்டு இப்போது நன்றாக நடக்கிறேன். அதிர்வு மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. முகம் கழுவும்போது இன்றும் ஒரு கை சுவரில்தான்.

தோள்பட்டை:
எனக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இஸ்திரிப் பெட்டி கையில் பட்டிருக்கிறது, வாடை வந்த பிறகுதான் பார்த்தேன். தோல் கொப்புளித்திருந்தது, வலி கிடையாது. ஆனால் துணியின் நெசவு விரலுக்கு நன்றாகத் தெரியும், அதனால் கை மரத்துப்போயிருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. எம்ஆர்ஐ எடுத்ததில் கழுத்துப் பகுதியில் தண்டுவடத்தின் நடுவில் நீர் கோத்து ஒரு குழல் மாதிரி விரிந்திருந்தது. இரண்டு பக்க வலியிழைகளும் நடுவில்தானே குறுக்கே கடக்கின்றன, முதலில் அடி வாங்கியது அவைதான். தோளில் துண்டு போர்த்தியது போல இரண்டு கைக்கும் சூடு தெரியாமல் போனது. இடுப்புக்குக் கீழே எல்லாம் சரியாகவே இருந்தது.

முட்டிக்கொண்டவன்:
இவ்வளவு பெரிய கதைகளுக்கு நடுவே என்னுடையது சின்னது. கால் சுண்டுவிரலைக் கட்டில் காலில் இடித்துக்கொள்வதில் நான் நிபுணன். கவனித்துப் பாருங்கள், முதலில் இடித்தது தெரியும், உடனே சுரீர், அப்புறம் ஒரு இடைவெளி விட்டு ஊமைவலி வரும். அந்த இடைவெளியில் "ஐயோ, வரப்போகுதே" என்று காத்திருப்பதுதான் கொடுமை. உடனே விரலை அழுத்தித் தேய்ப்பேன், குறையும். இது மனப்பிரமையா?

நடைப்பயிற்சி:
பிரமை இல்லை. தொடுதல் இழைகள் நொடிக்குச் சுமார் 35 முதல் 75 மீட்டர் ஓடும். சுரீரென்ற வலி 5 முதல் 30 மீட்டர். ஊமைவலியைக் கொண்டுவரும் உறையில்லாத இழைகள் 2 மீட்டருக்கும் கீழே, நாம் நடப்பது போல. உங்கள் இடைவெளி அதுதான். தேய்த்தால் குறைவதற்கு 1965இல் மெல்ஸாக், வால் என்ற இருவர் ஒரு விளக்கம் தந்தார்கள்: தொடுதல் இழைகள் பின்கொம்பில் ஒரு கதவைச் சாத்துவது போல வலிச் செய்தியை அடக்குகின்றன என்று. அவர்கள் வரைந்த இணைப்புகள் சில பின்னால் திருத்தப்பட்டன, கதவு என்ற கருத்து நின்றுவிட்டது. நாங்கள் தோலில் ஒட்டி மின்துடிப்பு கொடுக்கும் டென்ஸ் கருவி அதை நம்பி வந்ததுதான். எல்லா வலிக்கும் அது கேட்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அரைத்தூக்கம்:
எல்லாருக்கும் நன்றி. படித்துக்கொண்டே வரும்போது ஒன்று ஞாபகம் வந்தது. அன்று ஊசியின் வேகம் இறங்கியபோது முதலில் கால்விரல் அசைந்தது. அப்புறம் போர்வை உரசுவது தெளிவாகத் தெரிந்தது. வலி கடைசியாகத்தான் வந்தது. போர்வை தெரிந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து, வலி மாத்திரை கொண்டுவந்த நர்ஸக்காவிடம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். அரை மணி நேரத்தில் நானே மணியை அழுத்தினேன்.